ஸ்கிரிப்டை அணைத்து வைத்த கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "வேய், கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதாவது சொல்லும், பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார். தலைப்பு என்ன என்று கேட்டார். "ஸ்கிரிப்டை அணைத்து வைத்தல்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அணைத்துன்னா கெட்டிப்பிடிச்சா?" என்று கேட்டார். அவர் தமிழ் இலக்கியம் படித்தவர், தப்பில்லை. நான் சொன்னது விளக்கை அணைப்பது போல அணைப்பது. நிறுத்தி வைப்பது.

விஷயம் இதுதான். நீங்கள் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். வருவது எழுத்தும் படமும் மட்டுமல்ல. கூடவே சிறு சிறு புரோகிராம்களும் வந்து உங்கள் மெஷினில் ஓடுகின்றன. அவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். அவை ஓட வேண்டாம் என்று பிரவுசரிடம் சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்லிவிட்டு நான் பல வருஷமாக இணையத்தில் உலாவி வருகிறேன். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டம் என் வீட்டிலேயே நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுகேன்.

முதலில் பழங்கதை. நான் இங்கே பி.எஸ்சி. முடித்துவிட்டு மெட்ராஸுக்கு எம்.சி.ஏ. படிக்கப் போனேன். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. படம் தெரிகிற இணைப்புக்குத் தனிநபர் கட்டணம் ஆண்டுக்கு 15,000 ரூபாய். அந்தக் காசுக்கு அப்போது தோவாளையில் கல்யாணப் பூ மொத்தமும் வாங்கிவிடலாம். மாணவர்களுக்கு மட்டும் 500 ரூபாயில் ஒரு 'ஷெல்' கணக்கு கொடுத்தார்கள். அதில் எழுத்து மட்டும்தான் தெரியும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கடிதத்துக்குப் 'பைன்' என்று ஒரு புரோகிராம், இணையப் பக்கம் பார்க்க 'லின்க்ஸ்' என்று ஒரு பிரவுசர்.

இந்த லின்க்ஸ் 1992-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. படம் இருக்கிற இடத்தில் ஒரு சதுர அடைப்புக்குள் 'இமேஜ்' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். நண்பன் ஒருவன் வேலை பார்த்த ஆபீஸில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போய், மோடம் கரகரவென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, வாசிப்போம். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ எழுதி வைத்த பாடக்குறிப்பு நம் திரையில் வரி வரியாக இறங்கும்போது இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. தமிழ் எழுத்து அதில் வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிக் கடிதம் போட்டுக்கொள்வோம்.

நமக்கு இணையம் வந்த அதே 1995-ஆம் வருஷம், மே மாதம், நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு கணினி மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். முதலில் மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா என்ற இன்னொரு மொழிக்கு அப்போது இருந்த மவுசுக்காக வைத்த பெயர். இரண்டுக்கும் உறவு கிடையாது. லின்க்ஸில் அந்த மொழி அன்றும் ஓடாது, இன்றும் ஓடாது. ஆகவே 500 ரூபாய் கணக்கு வைத்திருந்த நாங்கள் எல்லாம் ஸ்கிரிப்டை அணைத்து வைத்துத்தான் உலாவினோம். அணைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதைக் கல்யாண வீட்டை வைத்துச் சொல்லலாம். பழைய பக்கம் பொதிச்சோறு மாதிரி. வாட்டின வாழையிலையில் சோறு, துவரன், ஊறுகாய், எல்லாம் அங்கேயே வைத்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள். பிரித்தோம், சாப்பிட்டோம். இன்றைய பக்கங்களில் பல அப்படியல்ல. வெறும் இலையை மட்டும் அனுப்புகிறார்கள். கூடவே தவசுப்பிள்ளையையும் நாலு கையாட்களையும் அனுப்புகிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டு அடுக்களைக்குள் வந்து, உங்கள் விறகை எரித்து, உங்கள் உருளியில் சமைத்து, அந்த இலையில் பரிமாறுவார்கள். சமையல் பிரமாதமாக இருக்கும். சந்தேகமில்லை. மேப்பில் விரலை வைத்து இழுத்தால் சுசீந்திரத்திலிருந்து ஆரல்வாய்மொழிவரை நகருகிறதே, அது தவசுப்பிள்ளை கைவண்ணம்தான். ஆனால் கூட வந்த கையாட்களில் ஒருவன் உங்கள் அலமாரியைத் திறந்து பார்க்கிறான். இன்னொருவன் நீங்கள் எதை விரும்பிச் சாப்பிடுகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு போய் விளம்பரக்காரனிடம் சொல்கிறான். வந்தவர்கள் வழியில் மாட்டிக்கொண்டால் உங்களுக்கு வெறும் இலைதான் மிச்சம்.

வழியில் மாட்டிக்கொள்வது என்பது கற்பனை இல்லை. 2017 நவம்பர் 30. ஒக்கி என்று சொன்னால் இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. காலையிலேயே கரண்ட் போனது. ரப்பரும் தென்னையும் வாழையும் மின்கம்பமும் ரோட்டில் கிடந்தன. செல்போனில் நாலு கட்டம் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் 'ஈ' என்று ஒற்றை எழுத்து. அதாவது பழைய 2ஜி. அதுவும் விட்டு விட்டு வரும்.

அடுத்த வீட்டு அக்காவுக்குத் தூத்தூர் பக்கம் பிறந்த வீடு. அவர் தம்பி விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. புயல் எங்கே போகிறது, படகுகள் என்னவாயின, ஒரு தகவலும் இல்லை. டி.வி. இல்லை. ரேடியோ வைத்திருந்தவர்கள் தெருவில் ரெண்டு பேர். "தம்பி, அந்த போன்ல பாத்துச் சொல்லு மக்கா" என்று என் முன்னால் வந்து நின்றார். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தேன். மேலே பெயர்ப்பலகை வந்தது. கீழே வெள்ளை. வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு தளம். அதே கதை. என் போனில் பேட்டரி 30 சதவீதம்.

அப்போதுதான் பழைய லின்க்ஸ் ஞாபகம் வந்தது. போனில் குரோம் பிரவுசரின் செட்டிங்ஸுக்குப் போய், 'சைட் செட்டிங்ஸ்' என்ற இடத்தில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினேன். முதலில் திறந்த தளம் அப்போதும் வெள்ளையாகவே நின்றது. அதுதான் வெறும் இலை அனுப்புகிற ஜாதி. ரெண்டாவது தளத்தில் எழுத்து வந்துவிட்டது. படம் இல்லை, விளம்பரம் இல்லை, அலங்காரம் கோணல் மாணல். ஆனால் செய்தி இருந்தது. புயல் லட்சத்தீவை நோக்கிப் போகிறது என்று. அதே மாதிரி ரெண்டு நாள் கழித்து, லட்சத்தீவில் பல படகுகள் ஒதுங்கியிருக்கின்றன என்ற செய்தியையும் அந்த முறையில்தான் வாசித்துச் சொன்னேன். அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவர் தம்பி திரும்பி வந்துவிட்டான். தூத்தூரிலும் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் எத்தனையோ வீடுகளில் அப்படி வரவில்லை. ஸ்கிரிப்டை அணைத்தால் யாரும் கரைசேர்வதில்லை. தகவல் வந்தது, அவ்வளவுதான் நான் சொல்வது.

கணக்குப் பார்ப்போம், கணக்கு டிபார்ட்மெண்டுக்காரன் நான். 2024-இல் எடுத்த கணக்குப்படி ஒரு சராசரி இணையப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 500 கே.பி.க்கு மேல். எங்கள் பழைய 9,600 பிட் மோடத்தில் இது இறங்க ஏறக்குறைய ஏழு நிமிஷம். நன்றாக இருக்கிற 2ஜியில் முக்கால் நிமிஷம். புயல் நேரத்து 2ஜியில் இறங்கவே இறங்காது. அந்தச் செய்தியின் எழுத்து மட்டும் எவ்வளவு என்று கேட்டால், நாலு பத்தித் தமிழுக்கு 10 கே.பி. போதும். அதே 2017-இல், நமக்கு ரெண்டு மாசம் முந்தி, செப்டம்பரில், அமெரிக்காவில் இர்மா புயல் அடித்தபோது சி.என்.என். நிறுவனம் எழுத்து மட்டும் உள்ள ஒரு பக்கத்தைத் தனியாகத் திறந்தது. புயலில் மாட்டியவனுக்கு வீடியோ வேண்டாம், வாக்கியம் போதும் என்று அவர்களுக்குப் புரிந்தது. நம் தளங்களில் அப்படி ஒன்றை அந்த நாட்களில் நான் பார்க்கவில்லை.

இனி என் வீட்டுக் கதை.

2019-இல் ஒரு நாள் அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், கோயில் திருவிழாத் தேதி பார்க்க ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். அதிலிருந்த விளம்பரம் வேறு ஒரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. திரை முழுக்கச் சிவப்பு. ஸ்பீக்கரில் சைரன். 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று இங்கிலீஷில். மூட முயன்றால் மறுபடி மறுபடி பெட்டி வந்து விழுகிறது. பாவம், வெப்ராளத்தில் அழைத்துவிட்டார். எதிரில் பேசியவன் ரொம்பத் தன்மையாகப் பேசி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே கையில் வாங்கிக்கொண்டு, கடைசியில் 38,000 ரூபாயோடு போய்விட்டான். ரிட்டயர்மெண்ட் பணம். இந்த நாடகத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதியும் இல்லை. திரையை நிறைத்தது, சைரன் ஊதியது, பெட்டியைத் திரும்பத் திரும்பப் போட்டது, எல்லாம் பக்கத்தோடு வந்த ஸ்கிரிப்ட். அதை ஓட விடாமல் வைத்திருந்தால் அது வெறும் சிவப்புக் காகிதம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றே அந்த லேப்டாப்பில் ஜாவாஸ்கிரிப்டை மொத்தமாக நிறுத்தினேன். அத்தான் பார்க்கிற நாலைந்து பக்கங்கள் சரியாக வருகின்றனவா என்று மட்டும் சோதித்தேன். வந்தன. "இனி ஒரு சவமும் உள்ள வராது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அக்கா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். செய்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி லேப்டாப்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை.

2021-இல் அக்கா மகள் அதே லேப்டாப்பில் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. மாவட்டம் கேட்ட இடத்தில் கன்னியாகுமரி. அடுத்தது தாலுகா. அந்தப் பெட்டியைத் திறந்தால் காலி. அகஸ்தீசுவரம் இல்லை, தோவாளை இல்லை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு, ஒன்றும் இல்லை. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் தாலுகாக்களைக் கொண்டுவந்து நிரப்புவது ஸ்கிரிப்ட்டின் வேலை. அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? 'சர்வர் பிசி' என்று நினைத்தாள். நாமும் அப்படித்தானே நினைப்போம்? மூன்று நாள் ராத்திரி முழித்திருந்து முயற்சி பண்ணியிருக்கிறாள். நாலாம் நாள், கடைசித் தேதி, சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு போன். கேட்ட உடனே எனக்கு அடிவயிறு கலங்கியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள்.

அந்த வருஷம் அவளுக்கு உதவித்தொகை இல்லை. 12,000 ரூபாய். நான் கொடுத்தேன், அக்கா வாங்கவில்லை. ஒரு மாசம் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. மகள்தான் பேசினாள். "மாமா, உங்க கொள்கைய உங்க மெஷின்ல வச்சுக்கிடுங்க" என்றாள். பதினெட்டு வயசுப் பிள்ளை. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

தப்பில் பெரும்பங்கு என்னுடையது. ஆனால் அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். ஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை செய்கிற படிவம் என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. படிவங்களுக்கான விதி எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது, 1995 நவம்பர். போட்டோவைச் சேர்த்து அனுப்புவதற்கான விதியும் அதே மாதம் வந்தது. தாலுகாவுக்கு வெறும் காலிப் பெட்டி வைத்து, 'கையால் எழுதுக' என்று போட்டிருந்தால்கூட அவள் எழுதியிருப்பாள். குறைந்தபட்சம், 'ஸ்கிரிப்ட் நின்றுபோயிருக்கிறது' என்று ஒரு வரி காட்டியிருக்கலாம். அதற்கென்றே எச்.டி.எம்.எல்.லில் 'நோஸ்கிரிப்ட்' என்று ஒரு குறி உண்டு.

"ஒம்மளை மாதிரி எத்தன பேரு இருப்பான், ஆயிரத்துல ஒருத்தன், அவனுக்காகவா எழுதுகது?" என்று என் நண்பர்களே கேட்பார்கள். 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் டிஜிட்டல் சேவைத் துறையினர் இதை எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் தளத்துக்கு வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதில் என்னைப் போல வேண்டுமென்றே அணைத்தவர்கள் வெறும் 0.2. மிச்சம் 0.9 சதவீதம் பேர் எதையும் அணைக்கவில்லை. அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, அல்லது நடுவில் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. ஒக்கி அன்று நாம் இருந்த மாதிரி. என்னைப் போன்ற கிறுக்கனை விட்டுவிடுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுப் பக்கம், சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறுகிற பிள்ளை அந்த 0.9-இல் வருகிறாள்.

எதிர்ப்பக்கத்தில் தீவிரக்காரர்களும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்தாரே, அவர் 2009-இல் இந்த ஸ்கிரிப்டை ஒரு பொறி என்றே எழுதினார். உங்களைக் கேட்காமல், நீங்கள் பிரித்துப் பார்க்க முடியாத புரோகிராம் உங்கள் மெஷினில் ஓடுகிறது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் அவர் போகிற தூரம் என்னால் போக முடியாது. பேங்க் வேலை, ரயில் டிக்கெட், வீடியோவில் பேரப்பிள்ளை முகம், எல்லாவற்றையும் விட வேண்டி வரும்.

வாசல் இடுங்கிக்கொண்டே வருகிறது என்பதும் உண்மை. 2013-இல் ஃபயர்ஃபாக்ஸ் 23-ஆம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டை அணைக்கிற கட்டத்தைச் சாதாரண செட்டிங்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெதுவான இணைப்புக்காக ஜிமெயிலில் இருந்த எளிய பக்கத்தை 2024 தொடக்கத்தில் கூகுள் மூடியது. 2025 ஜனவரியிலிருந்து கூகுளில் தேடுவதற்கே ஸ்கிரிப்ட் வேண்டும் என்றாகிவிட்டது. மறுபக்கம், தமிழ் விக்கிப்பீடியாவை ஸ்கிரிப்ட் இல்லாமல் இன்றும் தாராளமாக வாசிக்கலாம். அங்கேயே தமிழ் தட்டுவதற்கு வைத்திருக்கிற வசதி மட்டும் ஓடாது. மெஷினிலேயே தமிழ் விசைப்பலகை இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல் பக்கங்கள் அருமையாக வரும். எழுத்து, எழுத்து, எழுத்து. முன்பு தமிழ்ப் பத்திரிகைக்குப் பத்திரிகை தனி ஃபாண்ட் இருந்தது. அது இல்லாவிட்டால் கோணல் குறிகள்தான் தெரியும். யூனிகோடு வந்தபின் அந்தப் பாடும் தீர்ந்தது.

நல்ல தளம்தானே, விட்டுவிடலாம் என்பீர்கள். 2018 பிப்ரவரி 11 அன்று 'பிரௌசலவுட்' என்ற கருவியில் யாரோ கை வைத்தார்கள். பார்வைக் குறைவுள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிற நல்ல கருவி அது. அதைப் பயன்படுத்திய நாலாயிரத்துக்கு மேற்பட்ட தளங்களில், பிரிட்டிஷ் அரசுத் தளங்கள் உட்பட, வருகிறவர்கள் மெஷினில் சத்தமில்லாமல் டிஜிட்டல் காசு அச்சடிக்கும் ஸ்கிரிப்ட் ஓடியது. வீட்டுக்காரன் நல்லவன்தான். அவன் கூப்பிட்ட கையாளுக்குத் தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் விறகைத் திருடினான்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். என் மெஷினில் பொதுவாக ஸ்கிரிப்ட் நிறுத்தம். பேங்க், ரயில், மேப் போன்ற தெரிந்த பத்துப் பதினைந்து தளங்களுக்கு மட்டும் அனுமதி. ஃபயர்ஃபாக்ஸில் 'நோஸ்கிரிப்ட்' என்ற சேர்க்கை இதற்கென்றே 2005 முதல் இருக்கிறது. இத்தாலிக்காரர் ஒருவர் எழுதியது. 'யூபிளாக் ஒரிஜின்' என்பதும் நல்லது. குரோமில் சேர்க்கை எதுவும் வேண்டாம், செட்டிங்ஸிலேயே தளம் தளமாக விடலாம். அத்தான் லேப்டாப்பில் விளம்பரத் தடுப்பு மட்டும் போட்டிருக்கிறேன். என்ன போட்டிருக்கிறேன், எப்படி எடுப்பது என்று எழுதி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். வேறொருவர் மெஷினில் இதைச் செய்யப் போகிற தம்பி தங்கைகள் அந்தக் காகிதத்தை மறக்காதீங்க.

அந்த அக்கா மகள் அதற்கப்புறம் நம் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். போன மாசம் சங்கச் செயலாளர், முகவரிகளைப் புதுப்பிக்க இணையத்தில் ஒரு உறுப்பினர் படிவம் வேண்டும் என்றார். அவளிடம் சொன்னேன். ரெண்டு நாளில் செய்து அனுப்பினாள். என் லேப்டாப்பில் லின்க்ஸைத் திறந்து அந்தப் படிவத்தைப் போட்டுப் பார்த்தேன். பெயர், படித்த வருஷம், தொலைபேசி எண், எல்லாம் கறுப்புத் திரையில் ஒழுங்காக நின்றன. மொத்தம் 14 கே.பி. பழைய மோடத்தில் பன்னிரண்டு வினாடி. மாவட்டம் கன்னியாகுமரி என்று போட்டேன். அடுத்த வரியில் தாலுகா. ஆறும் இருந்தது. அதற்குக் கீழே, 'உங்கள் ஊர் இதில் இல்லையென்றால் இங்கே எழுதவும்' என்று ஒரு காலிப் பெட்டி. அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு போன் பண்ணினேன். "கெடச்சுதா மாமா? அப்ப வச்சிருகேன், நாளைக்கு பரீட்சை" என்றாள்.

படிவத்தின் முகவரி இந்த மலரின் பின்னட்டையில் அச்சாகியிருக்கிறது. எழுபத்தைந்துக்கு முந்தின செட்டில் இதுவரை பதினோரு பேர்தான் நிரப்பியிருக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தயவு பண்ணுங்க.